நெஞ்சுச் சூட்டில் வைத்த தோட்டா

வெர்னாவைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், அவள் துப்பாக்கி சத்தமே போடாது என்பார்கள். சுத்தப் பொய். சத்தமடக்கி மாட்டினாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். தடித்த புத்தகத்தை மேஜைமேல் ஓங்கிப் போட்டால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு கேட்கும். சினிமாவில் பூனை தும்முவதுபோல் காட்டுகிறானே, அவனைக் கொண்டுவந்து எங்கள் ஜல்லிக்குழியில் ஒருநாள் நிற்கவைக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் மேய்கிற குதிரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லில் வாயை வைக்கும். அந்த அளவுக்கு அடங்கினால் போதும் என்பதுதான் வெர்னாவின் கணக்கு.

நான் அவள் அண்ணன் ஆல்டனைக் கட்டிக்கொண்டு மில்க் ஆற்றுக்கு வடக்கே வந்தவள். ஆல்டன் போய்ச் சேர்ந்த பிறகும் வெர்னாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலிதான். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி குறை சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினோம்.

அவளுக்கு இடது காது கேட்காது. பள்ளிக்குப் போகிற வயதில், அப்பா வண்டியை நிறுத்தாமலே பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு நரியைச் சுட்டார். அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இவள் உட்கார்ந்திருந்தாள். நரி தப்பித்துவிட்டது, காது போய்விட்டது. அந்த மனிதர் கடைசிவரை அதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. "இன்னொண்ணு இருக்குல்ல?" என்று சிரிப்பாராம். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கே யாரும் தன் வீட்டு நாயையோ குதிரையையோ மாட்டையோ தானே சுட மாட்டார்கள். கால் முறிந்தாலும், வயதாகிப் படுத்துவிட்டாலும், பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒருவர் வருவார். சொந்தக்காரர் கடைசியாக ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நிற்பார். வெடிச்சத்தம் கேட்டதும் திரும்பி வருவார். அவருக்கு முறை வரும்போது அவர் அடுத்தவர் வீட்டுக்குப் போவார். மருத்துவர் ஊசி போடலாம்தான். ஆனால் குளிர்காலத்தில் தரை கல்லாகிவிடும், புதைக்க முடியாது. ஊசி மருந்து ஏறிய உடம்பைத் தின்கிற கழுகும் நாயும் கூடவே சாகும். அதனால் துப்பாக்கிதான்.

வெர்னா ஒருமுறை போனாள், இரண்டுமுறை போனாள். அவள் கை நடுங்காது, விலங்கிடம் பேசிக்கொண்டே இருப்பாள், முடிந்ததும் காப்பிக்கு நிற்கமாட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவளையே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு குதிரையைச் சுடும்போது லாயத்தில் இருந்த இன்னொன்று மிரண்டு கதவில் மோதி நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் சத்தமடக்கிக்கு எழுதிப் போட்டாள். அரசாங்கம் கைரேகை வாங்கி, போட்டோ வாங்கி, ஏறத்தாழ ஒரு வருடம் இழுத்தடித்துக் கொடுத்தது.

அது கைக்கு வந்ததும், இனிமேல் நிம்மதி என்று நான் நினைத்தேன். அவளுக்கு வேலையே அப்போதுதான் தொடங்கியது. சத்தமடக்கி அடக்குவது துப்பாக்கியின் வாய்முனையில் வெடிமருந்து வெடிக்கிற சத்தத்தை. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால், அது காற்றைக் கிழித்துக்கொண்டு தனியாக ஒரு சாட்டையடி அடிக்கும். அதை எந்த அடக்கியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒலிக்குப் பின்தங்கியே போகிற தோட்டா வேண்டும், சப்சானிக் என்பார்கள். மெலிந்த குண்டு பறக்கும், கனத்த குண்டு மெதுவாகப் போகும். கனத்ததை வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் கடைக்காரனும் சொன்னான்.

வெர்னா அப்படி வாங்கிவிடுகிறவளா? கடையிலிருந்த அத்தனை வகையிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்துவந்து ஜல்லிக்குழியில் பரப்பினாள். கேட்கிற காதை முன்னால் நீட்டிக்கொண்டு அவள் சுட, எதிர்மேட்டில் நின்று நான் கையைத் தூக்க வேண்டும். சாட்டை கேட்டால் ஒரு கை, கேட்காவிட்டால் இரண்டு கை. வெயில் மண்டையைப் பிளக்கும். நான் முணுமுணுப்பேன்.

"பெட்டிமேலயே சப்சானிக்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அப்புறம் என்னடி உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதினவன் எந்த ஊர்ல உக்காந்து எழுதினானோ. நம்ம ஊர்ல வந்து எழுதச் சொல்லு," என்றாள்.

கடைசியில் இரண்டு வகை நின்றன. பச்சைப் பெட்டியில் இருந்தது மிகக் கனம், மிக மெதுவு. அதைச் சுட்டால் காலிக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றத் துப்பாக்கியின் இரும்பு முன்னும் பின்னும் நகர்கிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். வெள்ளைப் பெட்டியில் இருந்தது கொஞ்சம் எடை குறைவு, கொஞ்சம் வேகம். ஆனாலும் ஒலியைத் தாண்டாது, விளிம்பில் நிற்கும். வெர்னா பச்சைப் பெட்டியை எடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு செம்பட்டைக் குதிரை. பக்கத்துப் பண்ணை ஆர்வல் லுண்ட் வீட்டில் ஜனவரியில் அதற்குக் குடல் முறுக்கிக்கொண்டது. வெர்னா போனாள். குதிரை கடைசி நொடியில் தலையை உதறியது, முதல் குண்டு இடம் மாறிப் பட்டது. அந்த மெதுவான தோட்டாவுக்கு, எண்ணெய் உறைந்து கிடந்த அந்த இரும்பை முழுதாகப் பின்னால் தள்ளத் தெம்பில்லை. காலிக்கூடு வெளியே விழாமல் சிக்கிக்கொண்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, விரல் தோல் இரும்பில் ஒட்டிப் பிய்ந்து வர, அவள் அதைப் பிடுங்கி எடுத்து அடுத்ததை ஏற்றும்வரை அந்தக் குதிரை தலையில் ஓட்டையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்வல் கொட்டகைக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றார், அவருக்கு ஒன்றும் தெரியாது. வெர்னாவுக்குத் தெரியும். பத்து நாள் அவள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதோடு பச்சைப் பெட்டிகளை மூட்டைகட்டிவிட்டு வெள்ளைப் பெட்டிக்கு மாறினாள். இது நன்றாகத் தள்ளும், சிக்காது. அது போதாது என்று, குளிரில் மருந்து மந்தமாகிவிடக்கூடாதென்று தோட்டாக்களை உள்சட்டைப் பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். போய் இறங்கியதும்தான் துப்பாக்கியில் போடுவாள்.

"கோழி மாதிரி அடைகாக்குறியே, குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒண்ணு குடு," என்று கிண்டல் செய்வேன்.

"இன்னொரு தடவ எந்த மிருகமும் என் முன்னால அப்படி நிக்கக்கூடாது மார்ஜ்," என்பாள்.

சில குளிர்காலங்கள் அப்படியே நன்றாகப் போயின. குதிரையோ மாடோ, அவள் போய் நிற்பது ஒரு கை தூரத்தில். அவ்வளவு கிட்டத்தில் குண்டு காற்றில் பறக்கவே இடமில்லை, சாட்டை எங்கிருந்து கேட்கும்? அதனால் அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியவேண்டிய ஒன்று தெரியாமலே இருந்தது.

லீலண்ட் பிரெக்கி எங்களுக்கு மேற்கே இருந்தவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் மாடுகளும் பிப் என்ற நாயும். அந்த மாடுகள் அவருடைய தாத்தா ஓட்டிவந்த மாடுகளின் வம்சம். வெளியே ஒரு பசுவைக்கூட அவர் வாங்கிச் சேர்த்ததில்லை. எத்தனை மாடு என்று என்னைக் கேட்காதீர்கள். இங்கே அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார் என்று மட்டும் தெரியும்.

டிசம்பரில் ஒரு வாரம் இளவெயில் அடித்தது. பிறகு வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. சுழியத்துக்கு முப்பது பாகை கீழே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லீலண்ட் வெர்னாவைக் கூப்பிட்டார். ரோட்டில் பனி குவிந்திருந்ததால் நான்தான் வண்டியை ஓட்டினேன்.

காற்று மாடுகளைத் தள்ளிக்கொண்டுபோய் வேலியின் மூலையை உடைத்து அவருடைய நீர்த்தேக்கத்தின்மேல் ஏற்றியிருந்தது. பனிக்கட்டிமேல் பொடிப்பனி படிந்திருந்ததால் அவற்றுக்குத் தரை எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. முன்னால் போன கிழப்பசு ஒன்று வழுக்கிப் பின்னங்கால்கள் இரண்டும் விரிந்து, இடுப்பு கிழிந்து, எழ முடியாமல் கிடந்து கதறியது. மாட்டுக்கு ஒரு குணம். ஒன்று கதறினால் மற்றவை சுற்றி வந்து நிற்கும். கரையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் சினை. அடியில் பனிக்கட்டி முனகிக்கொண்டிருந்தது.

லீலண்ட் கரையில் வைக்கோலை விரித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தீவன வண்டியின் ஹாரனை அடித்தால் மாடுகள் வந்துவிடும், ஆனால் ஓடிவரும். ஓடினாலும் மொய்த்தாலும் அந்தப் பனிக்கட்டி தாங்காது. நாயை ஏவினாலும் அதே கதிதான். கதறல் நின்றுவிட்டால் போதும், அவை சலித்துப்போய் வைக்கோல் வாசனைக்குத் தானாகத் திரும்பி நடக்கும். அவரிடம் ரைஃபிள் இருந்தது. அதன் சத்தத்துக்கு எல்லாம் சிதறிவிடும். அதற்காகத்தான் வெர்னா.

"மெதுவா நடந்து வந்துடும்," என்றார் லீலண்ட். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன் வெர்னா. சத்தம் மட்டும் வரக்கூடாது."

"வராது," என்றாள்.

பசுவின் கிட்டே போக முடியாது. இளவெயிலில் மெலிந்த பனிக்கட்டி இன்னும் நம்பும்படியாக இல்லை, புது ஆளைப் பார்த்தால் மற்றவை மிரளும். ஒரு நீளப் பலகையைக் கரையோரப் பனியில் போட்டு, அதன்மேல் வெர்னா படுத்துத் தவழ்ந்தாள். பலகையின் அடுத்த நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அவள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து பசு வரைக்கும் ஒரு வீட்டு முற்றத்து நீளம் இருக்கும். அங்கே படுத்தபடியே கோட்டைத் திறந்து, உள்சட்டைப் பைக்குள் கையை விட்டு, தோட்டாக்களை எடுத்துத் துப்பாக்கியில் ஏற்றினாள். அவள் மூச்சு வெள்ளையாகத் தலைக்குமேல் நின்றது. பசுவிடம் ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. பசு அவள் பக்கம் முகத்தைத் திருப்பியது.

சாட்டை அடித்தது. காற்று அப்படியே இரண்டாகக் கிழிந்ததுபோல் ஒரு சத்தம், எதிரே இருந்த அணையில் பட்டுத் திரும்பி வந்தது. குறி தப்பவில்லை, பசுவின் தலை அந்தக் கணமே சாய்ந்தது. ஆனால் மற்றவை எல்லாம் ஒன்றாகத் துள்ளின. எங்கிருந்து வந்த சத்தம் என்று தெரியாமல் ஒன்றோடொன்று முட்டி, நடுவில் போய் மொய்த்தன. மாடு பயந்தால் கூட்டத்துக்குள்தான் ஒளியும்.

பனிக்கட்டி உடைந்தது, நான் எதிர்பார்த்ததுபோல் பெரிய சத்தத்தோடு அல்ல. தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மாடுகள் சரிந்தன, கருப்புத் தண்ணீர் மேலே வந்தது. கரையோரம் நின்ற கொஞ்சம் ஓடித் தப்பின. மீதி தண்ணீரில் கிடந்து, முன்னங்காலைப் பனிவிளிம்பில் போட்டு ஏறப் பார்த்தன. ஏற ஏற விளிம்பு உடைந்தது. பிப் கரையில் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடியது. நான் பலகையை இழுத்தேன், வெர்னா வரமாட்டேன் என்று கத்தினாள்.

மாட்டை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியாது. குளிர் அதைச் சீக்கிரமும் கொல்லாது. வெர்னா படுத்த இடத்திலிருந்தே சுட ஆரம்பித்தாள். இப்போது சத்தம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. நெஞ்சில் வைத்திருந்தவை தீர்ந்துபோயின. தீர்ந்த பிறகும் தண்ணீரில் தலைகள் இருந்தன.

அப்போதுதான் லீலண்ட் வண்டிக்குப் போனார். ரைஃபிளோடு வந்தார். கரையில் ஒரு முழங்காலை ஊன்றி, தன் மாடுகளைத் தானே சுட்டார். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அவர் உதடு அசைந்தது. பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அறுபது வயதுக்குமேல் ஆகிறது, அதைவிடக் கொடுமையான எதையும் நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க ஊர்க்காரர்கள் லீலண்ட் வீட்டுக்கு சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல் நூடுல்ஸும் கோழியும் சேர்த்து வேகவைத்துத் தட்டுகளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். யாரும் வெர்னாவைக் குறை சொல்லவில்லை. வேலியைச் சொன்னார்கள், காற்றைச் சொன்னார்கள். வெர்னாவோ குளிர் விடுவதற்குள் என்னை ஜல்லிக்குழிக்குக் கூப்பிட்டாள்.

வெள்ளைப் பெட்டித் தோட்டாக்களில் பாதியை முந்தின நாளே வண்டியின் பின்தட்டில், திறந்த குளிரில் வைத்திருந்தாள். மீதிப் பாதி வழக்கம்போல் நெஞ்சில். எதிர்மேட்டில் நான் நின்றேன். குளிரில் கிடந்ததைச் சுட்டாள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சுட்டாள். சாட்டை. நான் ஒரு கையைத் தூக்கினேன். மாற்றி மாற்றிச் சுட்டாள், ஒருமுறைகூட மாறவில்லை. கடைசியில் நான் கையைத் தூக்காமலே நின்றேன். அவள் விடவில்லை, "கையைத் தூக்கு மார்ஜ்" என்று கத்தினாள்.

விஷயம் இவ்வளவுதான். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகமும் தளர்ந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். குளிரில் மருந்தும் மந்தமாகும், குண்டும் தளரும், இரண்டும் சேர்ந்தே இறங்கும், அதனால் தொல்லையில்லை என்று கணக்குப் போட்டிருந்தாள். தோட்டாவும் குளிரில் கிடந்திருந்தால் அது உண்மை. இவள் அதை நெஞ்சில் வைத்து ஜூலை மாதமாகவே வைத்திருந்தாள். வெளியே ஒலி இறங்கிப்போய்விட்டது, உள்ளே தோட்டா இறங்கவில்லை. விளிம்பில் நின்ற குண்டு ஒலியைத் தாண்டிவிட்டது.

"ஒரு குதிரைக்குப் பாவம் பாத்தேன்," என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கேட்கிற காதைக் கையால் மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வண்டியை ஓட்டினேன்.

அவளே லீலண்டிடம் போய் இதைச் சொன்னாள். நான் வேண்டாம் என்றுதான் தடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினாராம், காப்பி வேண்டுமா என்று கேட்டாராம். அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. தேவாலயத்தில் பார்த்தாலும் தொப்பியைத் தொடுவதோடு சரி. வெர்னா யார் கூப்பிட்டாலும் போவதை நிறுத்திவிட்டாள். துப்பாக்கி பெட்டிக்குள் போனது. இனி அது வெளியே வராது என்றுதான் நான் நினைத்தேன்.

ஏப்ரலில், வயலில் பாதிப் பனி கிடக்கிற ஒரு காலையில், லீலண்ட் கூப்பிட்டார். பிப்புக்கு வயிற்றில் கட்டி. எழுந்திருக்க முடியவில்லை.

வெர்னா தொலைபேசியில், "வேற யாரையாவது கூப்பிடுங்க லீலண்ட்," என்றாள்.

அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "என்னோடதை நானே சுட்டாச்சு. அது ஒரு தடவ போதும். நீ வா."

அவள் பச்சைப் பெட்டியைத் தேடி எடுத்தாள், அந்த மிக மெதுவானதை. அதைச் சட்டைப் பையில் வைக்கவில்லை. வண்டியின் பின்தட்டில் வைத்துக்கொண்டு போனோம். லீலண்ட் நாயின் காதுகளை இரண்டு கையாலும் தடவினார், நெற்றியில் நெற்றியை வைத்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றார். வெர்னா மண்டியிட்டுப் பிப்பிடம் பேசினாள். பிப் ஒருமுறை வாலை ஆட்டியது. அதோடு முடிந்தது, மறு தோட்டா தேவைப்படவில்லை.

லீலண்ட் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாங்கள் கொட்டகையைச் சுற்றிப் போனோம். அவர் அப்படியே சுவரைப் பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு, வெடிக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார். வெர்னா அவர் தோளைத் தொட்டாள்.

திரும்பினார். "ஆயிடுச்சா?" என்றார். "கேக்கவே இல்லையே."

அவர் முகம் உடைந்தது. டிசம்பரிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அங்கே, அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அது நாய்க்கான அழுகை இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வெர்னா அவர் பக்கத்தில் நின்றாள். வழக்கமாக முடிந்ததும் கிளம்பிவிடுகிறவள், அன்றைக்குக் காப்பிக்கு இருந்தாள்.